கலவைக் கணக்கு: ரப்பர் பால் முதல் கிணற்று நீர் வரை

கலவைக் கணக்கு எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கலக்கும்போது எந்தப் பொருளின் அளவு மாறாமல் நிற்கிறது? ரப்பர் பாலில் தண்ணீர் ஊற்றினால் பால் பெருகுகிறது, திடம் குறைகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஈர நெல்லைக் காயவைத்தால் எடை இறங்குகிறது. நெல்லின் உலர் பொருள் அப்படியே இருக்கிறது. அந்த மாறாத ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி வேலை ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். எட்டாம் வகுப்புக் கணிதம் போதும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கணக்குக்கு ஓய்வே இல்லை. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோக நெல். இரண்டு பக்கமும் தென்னை. வீட்டுக்கு வீடு கிணறு. கைப்பழக்கத்தால் பெரும்பாலும் சரியாகவே கலக்கிறார்கள். கைப்பழக்கம் தவறுவது, சரக்கின் தரம் மாறும் நாளில்தான். மழை பெய்த மறுநாள் பால் நீர்த்திருக்கும்; பழைய பிளீச்சிங் பவுடரில் வீரியம் குறைந்திருக்கும்; மணல் ஈரமாக இருக்கும். கணக்கு தேவைப்படுவது அந்த நாட்களுக்கு.

பங்கு வேறு, மொத்தம் வேறு

"ஒன்றுக்குப் பத்து" என்று ஒரு புட்டியில் எழுதியிருந்தால், ஒரு பங்கு மருந்து, பத்துப் பங்கு தண்ணீர், மொத்தம் பதினொரு பங்கு என்று பொருள். "பத்தில் ஒன்று" என்றால் மொத்தமே பத்துப் பங்கு. தண்ணீர் ஒன்பது பங்குதான். முதலாவது சுமார் 9.1 சதவீதம், இரண்டாவது 10 சதவீதம். தரை கழுவும் பினாயிலில் இந்த வேறுபாடு ஒன்றும் செய்யாது. ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு போன்ற சிறிய விகிதங்களில் இதே குழப்பம் பெரிதாகும். "ஒன்றுக்கு இரண்டு" என்பது மூன்றில் ஒன்று. அதை இரண்டில் ஒன்று என்று எடுத்தால் கலவை ஒன்றரை மடங்கு கடுமையாகிவிடும்.

சதவீதம் தரப்பட்டிருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. 1 சதவீதம் என்பது லிட்டருக்கு 10 மில்லி, அல்லது தூளானால் லிட்டருக்கு 10 கிராம். 3 சதவீதப் பஞ்சகவ்யம் என்றால் லிட்டருக்கு 30 மில்லி. 16 லிட்டர் ஸ்பிரேயருக்கு 480 மில்லி. ஸ்பிரேயரில் நேற்றைய கரைசல் 4 லிட்டர் மிச்சமிருந்தால், புதிதாகச் சேர்வது 12 லிட்டர்தான். ஆகவே ஊற்ற வேண்டியது 360 மில்லி. அப்போதும் 480 மில்லி ஊற்றினால் கரைசல் 3.75 சதவீதமாகும். பஞ்சகவ்யத்தில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. பூச்சிமருந்திலோ யூரியாத் தெளிப்பிலோ இலை கருக இவ்வளவு மிகை போதும். மருந்துக் கரைசலை மறுநாளுக்கு வைக்காமல் இருப்பது நல்லது. வைக்க நேர்ந்தால், புதிதாகச் சேரும் தண்ணீருக்கு மட்டுமே மருந்து.

ரப்பர் பாலில் தண்ணீர்

சிரட்டையில் இறங்கும் பாலில் ரப்பர் பொதுவாக 30 முதல் 40 சதவீதம். இதையே டி.ஆர்.சி. என்கிறார்கள்: நூறு பங்கு பாலில் எத்தனை பங்கு உலர் ரப்பர் என்ற கணக்கு. ஷீட் அடிப்பதற்கு இந்தப் பாலைத் தண்ணீர் விட்டு 12.5 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ரப்பர் வாரியத்தின் பரிந்துரை. பாலை உறையவைக்கும் ஒரு டிஷ்ஷில் 4 லிட்டர் ஊற்றினால் அதில் சரியாக அரைக் கிலோ ரப்பர் இருக்கும். பால் திடமாக இருந்தால் மண்ணும் பட்டைத்தூளும் அடியில் படியாது, ஷீட் தடித்துப் புகைப்புரையில் காயத் தாமதமாகும். தண்ணீர் மிகுந்தால் ஷீட் மெலிந்து, குழைந்து, உருளையில் கிழியும்.

40 லிட்டர் பால் சேர்ந்திருக்கிறது, டி.ஆர்.சி. 35 என்று வைத்துக்கொள்வோம். மாறாதது ரப்பர். அதன் அளவு 40 × 35 ÷ 100, அதாவது 14 கிலோ. இந்த 14 கிலோ, தண்ணீர் சேர்ந்தபின் மொத்தத்தில் 12.5 சதவீதமாக இருக்க வேண்டும். ஆகவே மொத்தம் 14 ÷ 0.125 = 112 லிட்டர். கையில் 40 லிட்டர் இருக்கிறது. ஊற்ற வேண்டிய தண்ணீர் 72 லிட்டர். 4 லிட்டர் வீதம் 28 டிஷ், 28 ஷீட். (பாலின் ஒரு லிட்டரை ஒரு கிலோவாகவே எடுத்துக்கொள்வதில் பிழை மிகச் சிறிது.)

அடுத்த நாள் மழை. அதே 40 லிட்டர் கிடைக்கிறது, டி.ஆர்.சி. 28 மட்டும். ரப்பர் 11.2 கிலோ, மொத்தம் 89.6 லிட்டர், தண்ணீர் 49.6 லிட்டர். வழக்கம்போல 72 லிட்டரையே ஊற்றினால் மொத்தம் 112 லிட்டரில் 11.2 கிலோ, அதாவது 10 சதவீதம். டிஷ் எண்ணிக்கை 28 வரும். ஒவ்வொரு ஷீட்டும் 500 கிராமுக்குப் பதில் 400 கிராம். ரப்பர் எதுவும் காணாமல் போகவில்லை. ஆனால் ஷீட்டின் தரம் இறங்கிவிட்டது, உறையவைக்கும் ஆசிட்டும் வேலையும் ஐந்தாறு டிஷ்ஷுக்கு வீணாயிற்று.

எனவே டி.ஆர்.சி. தெரியாமல் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெட்ரோலாக் கருவி பாலின் அடர்த்தியைக் கொண்டு உடனே ஓர் உத்தேச அளவைக் காட்டும். துல்லியம் வேண்டுமானால், பாலில் கொஞ்சம் எடை போட்டு எடுத்து, உறையவைத்து, மெல்லியதாக அழுத்தி, முழுக்கக் காயவைத்து மறுபடி எடை போட வேண்டும். 10 கிராம் பாலில் 3.4 கிராம் உலர் ரப்பர் கிடைத்தால் டி.ஆர்.சி. 34. பாலாகவே விற்பவருக்கு இந்த எண்ணே விலை.

ஆசிட்

கடையில் கிடைக்கும் ஃபார்மிக் ஆசிட் பெரும்பாலும் 85 சதவீதம். அதை அப்படியே பாலில் விட்டால் விழுந்த இடம் மட்டும் கட்டிபிடிக்கும்; சுமார் 1 சதவீதத்துக்கு நீர்த்தே விட வேண்டும். மேலே சொன்ன வழியில் போட்டால் 10 லிட்டர் கரைசலுக்கு 10,000 ÷ 85, சுமார் 118 மில்லி என்று வரும். தோட்டங்களில் வழக்கமோ லிட்டருக்கு 10 மில்லி, அதாவது 10 லிட்டருக்கு 100 மில்லி. எது சரி? வழக்கமே சரி. புட்டியில் உள்ள 85 என்பது எடைக் கணக்கு. இந்த ஆசிட் தண்ணீரைவிடக் கனமானது. 100 மில்லியின் எடை சுமார் 120 கிராம். அதில் 85 சதவீதம் என்றால் சுமார் 102 கிராம் தூய ஆசிட். ஆக 100 மில்லி ஆசிட்டை 10 லிட்டராக்கினால் ஏறக்குறைய 1 சதவீதம் கிடைக்கிறது.

எடைச் சதவீதத்தையும் அளவைச் சதவீதத்தையும் ஒன்றாக நினைப்பதால் வரும் பிழை இப்படித்தான் ஒளிந்திருக்கும். தண்ணீரைப் போன்ற கனமுள்ள திரவங்களில் இரண்டும் ஒன்றே. கனமான ஆசிட்டிலும் லேசான எண்ணெயிலும் ஒன்றல்ல.

ஒரு டிஷ்ஷுக்கு 200 மில்லி கரைசல் விடும் தோட்டத்தில் 28 டிஷ்ஷுக்கு 5.6 லிட்டர் கரைசல் வேண்டும். அதற்கு 56 மில்லி ஆசிட். தண்ணீரை முதலில் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு அதில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அவசியம். ஆசிட் அளக்கும் குவளை வேறு எதற்கும் பயன்படக் கூடாது.

இரண்டு தரம் கலக்கும்போது

பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பாலை ஒரே பேரலில் சேர்த்து விற்கிறார்கள். ஒருவருடையது 60 லிட்டர், டி.ஆர்.சி. 36; மற்றவருடையது 20 லிட்டர், டி.ஆர்.சி. 28. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 32. இது தவறு. முதலாமவர் பாலில் ரப்பர் 21.6 கிலோ, இரண்டாமவர் பாலில் 5.6 கிலோ, மொத்தம் 80 லிட்டரில் 27.2 கிலோ; டி.ஆர்.சி. 34. வெறும் சராசரியை நம்பினால் 1.6 கிலோ ரப்பர் கணக்கிலேயே மறைந்துவிடும். பணத்தைப் பிரிக்கும்போதும் லிட்டர் கணக்கில் 3:1 என்று பிரிக்காமல் ரப்பர் கணக்கில் 21.6-க்கு 5.6 என்று பிரிப்பதே நியாயம்.

சதவீதங்களைச் சும்மா கூட்டி வகுக்கலாம், இரண்டு அளவும் சமமாக இருந்தால் மட்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு: வேண்டிய தரம் தெரியும், எவ்வளவுக்கு எவ்வளவு கலப்பது என்று தெரியாது. இதற்குக் குறுக்குக் கழித்தல் போதும். பாக்கெட் பாலில் சமன்படுத்திய பால் 3 சதவீதக் கொழுப்பு, நிறைகொழுப்புப் பால் 6 சதவீதம். டீக்கடைக்கு 4 சதவீதப் பால் வேண்டும் என்றால், 6-லிருந்து 4-ஐக் கழித்து 2. 4-லிருந்து 3-ஐக் கழித்து 1. முதல் விடை சமன்படுத்திய பாலின் பங்கு, இரண்டாவது நிறைகொழுப்புப் பாலின் பங்கு. 2 லிட்டருக்கு 1 லிட்டர். சரிபார்த்தால் கொழுப்பு 60 மில்லி, 60 மில்லி, ஆக 3 லிட்டரில் 120. அது 4 சதவீதம். ஒவ்வொன்றின் பங்கும் மற்றதன் தூரத்திலிருந்து வருகிறது என்பதை மறந்து மாற்றிப் போட்டுவிடுவோர் பலர். வேண்டிய தரம் எதற்கு அருகில் இருக்கிறதோ அதுவே அதிகமாக வேண்டும் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் பிழை வராது.

காயும் நெல், காயும் தேங்காய்

உலர்த்துவதும் கலவைக் கணக்குதான். தண்ணீர் சேர்வதற்குப் பதில் போகிறது. கன்னிப்பூ அறுப்பு பல வருடம் மழையில் மாட்டிக்கொள்ளும். 22 சதவீத ஈரத்தில் களத்துக்கு வந்த 1000 கிலோ நெல்லை, அரசுக் கொள்முதலுக்கு வழக்கமான உச்ச வரம்பாகிய 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் எவ்வளவு தேறும்? 5 சதவீதம் குறைகிறது, 950 கிலோ தேறும் என்று சொல்வது இயல்பு. உண்மையில் தேறுவது 940 கிலோ.

மாறாதது உலர் பொருள்: 1000 கிலோவில் 780 கிலோ. காய்ந்தபின் இந்த 780 கிலோ மொத்தத்தில் 83 சதவீதம். 780 ÷ 0.83 = 939.8. தண்ணீர் போகப் போக மொத்தமும் சுருங்குவதால், 22, 17 என்ற இரண்டும் ஒரே மொத்தத்தின் சதவீதங்கள் அல்ல. நெல் வாங்குபவர் "ஈரத்துக்கு இவ்வளவு கழிவு" என்று சொல்லும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பது விவசாயியின் உரிமை.

கொப்பரையில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நல்ல கொப்பரையில் 6 சதவீதம். 100 கிலோ பருப்பில் உலர் பொருள் 50 கிலோ. 50 ÷ 0.94 = 53 கிலோ கொப்பரை. 44 சதவீதம் குறைந்தால் 56 கிலோ கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர், சரியாகக் காயவைத்தும் எடை குறைந்ததே என்று வீணாகக் கவலைப்படுவார்.

உப்புக் கரைசலின் செறிவைக் கூட்டும்போது மாறாதது இடம் மாறுகிறது. 10 கிலோ உப்புநீர் 5 சதவீதம். 10 சதவீதமாக்க வேண்டும். சேர்வது உப்பு, ஆகவே மாறாதது தண்ணீர், 9.5 கிலோ. இது மொத்தத்தில் 90 சதவீதமாக வேண்டும். 9.5 ÷ 0.9 = 10.556. சேர்க்க வேண்டிய உப்பு 556 கிராம். மனக்கணக்கில் வரும் 500 கிராம் போதாது.

மூன்று பொருள்: போர்டோ கலவை

பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் 1880-களில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் கண்ட இக்கலவை, தென்மேற்குப் பருவமழையில் ரப்பர் இலையை உதிர்க்கும் பூஞ்சைக்கும் தென்னைக் குருத்தழுகலுக்கும் இன்றும் நம்பகமான மருந்து. 1 சதவீதக் கலவைக்கு விகிதம் 1:1:100. துருசு 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். 10 லிட்டருக்கு 100 கிராம், 100 கிராம். பட்டைக் காயத்தில் பூசும் 10 சதவீதப் பசைக்கு 1:1:10. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வீதம்.

தண்ணீரைப் பாதியாகப் பிரித்து, ஒன்றில் துருசையும் மற்றதில் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, துருசுக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கிளற வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் வேண்டும், இரும்பு ஆகாது. அன்றன்றைக்குத் தெளித்து முடிக்க வேண்டும்.

விகிதம் சரியாக இருந்தும் கலவை தவறலாம். சுண்ணாம்பு பழசானால் வீரியம் போய்விடும். தராசு 1 கிலோ என்று காட்டினாலும் வேலை செய்வது முக்கால் கிலோவாக இருக்கும். ஆகவே தேய்த்துத் துலக்கிய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். செம்பு நிறம் படிந்தால் துருசு மிச்சம் இருக்கிறது, இலை கருகும். படிவது நிற்கும் வரை சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். விகிதம் தொடக்கம்; முடிவு சொல்வது கத்தி.

உரத்துக்குப் பதில் உரம்

காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 560 கிராம், மணிச்சத்து 320, சாம்பல்சத்து 1200 என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பரிந்துரை. மணிச்சத்துக்குச் சூப்பர் பாஸ்பேட் கிடைக்காமல் டி.ஏ.பி. மட்டும் கிடைத்தால், டி.ஏ.பி.யில் மணிச்சத்து 46 சதவீதம். 320 ÷ 0.46, ஏறக்குறைய 700 கிராம் வேண்டும். ஆனால் அதிலேயே 18 சதவீதத் தழைச்சத்தும் வருகிறது: சுமார் 125 கிராம். ஆகவே யூரியா தர வேண்டியது மீதி 435 கிராம் மட்டும். 435 ÷ 0.46, சுமார் 950 கிராம். டி.ஏ.பி.யும் போட்டு முழு யூரியாவும் போட்டால் ஒவ்வொரு மரத்துக்கும் கால் கிலோவுக்கு மேல் யூரியா வீண். பொட்டாஷில் 60 சதவீதம் சாம்பல்சத்து. அது 2 கிலோ, மாற்றமில்லை.

ஈர மணல்

செங்கல் கட்டுக்கு 1:6 என்றால் ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல். 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர். ஈர மணல் உப்பி இடத்தை அடைக்கும். 20 சதவீதம் உப்பிய மணலை ஆறு சட்டி போட்டால் உள்ளே இருப்பது ஐந்து சட்டி மணல். கலவை 1:5 ஆகி, சிமெண்ட் வீணாகும். 7.2 சட்டி போட வேண்டும். எவ்வளவு உப்பியிருக்கிறது என்று அறிய, ஒரு வாளியில் ஈர மணலை 24 சென்டிமீட்டர் உயரம் நிரப்பி, தண்ணீர் விட்டுக் கிளறி அடங்கவிட வேண்டும். 20 சென்டிமீட்டருக்கு இறங்கினால், 4 ÷ 20, அதாவது 20 சதவீதம்.

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலின்போதும், 2021 நவம்பர் மழை வெள்ளத்தின்போதும் மாவட்டத்தில் பல இடங்கள் நீரில் மூழ்கின. அப்படி வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தபின் குளோரின் இடுவது கட்டாயம். இதில் கண்ணளவு இருபுறமும் ஆபத்து: குறைந்தால் கிருமி சாகாது, மிகுந்தால் தண்ணீர் வாயில் வைக்க முடியாது.

முதலில் கிணற்று நீரின் அளவு. வட்டக் கிணற்றின் விட்டத்தை அடியில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழ அடியால் பெருக்கி, 22-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். விட்டம் 8 அடி, நீர் 10 அடி என்றால் 8 × 8 × 10 × 22 = 14,080 லிட்டர். 33 சதவீதக் குளோரின் உள்ள நல்ல பவுடர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பொதுச் சுகாதார நூல்களின் சாதாரண அளவு. ஆக 35 கிராம் போதும். இவ்வளவு சிறிதா என்று தோன்றும். பெரும்பாலான வீடுகளில் இதைப் போல் பல மடங்கு கொட்டப்படுகிறது.

பவுடர் பழசாகி 20 சதவீதம்தான் இருக்கிறது என்றால் இங்கே விகிதம் தலைகீழ்: வீரியம் குறையக் குறைய அளவு கூட வேண்டும். 35 × 33 ÷ 20, சுமார் 58 கிராம். மாறாதது கிணற்றுக்குத் தேவையான குளோரின். பவுடரை வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, பின் நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி ஏற்றிக் கலக்க வேண்டும்.

கலங்கிய கிணறு, அழுகிய இலை விழுந்த கிணறு இவற்றில் குளோரினின் ஒரு பகுதியை அழுக்கே தின்றுவிடும். சாதாரண அளவு அங்கே போதாது. ஒரு மணி நேரம் கழித்து மலிவு விலைச் சோதனைப் பெட்டியால் பார்த்தால், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். அது மிஞ்சாவிட்டால் மறுபடியும் மருந்து இட்டு, இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்து சோதிக்க வேண்டும்; அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.